180 டிகிரி என்று சொல்லி 205 காட்டும் ஓவன்: 19 ரொட்டிகளுக்குப் பிறகு

28 லிட்டர் ஓ.டி.ஜி. (மேசைமேல் வைக்கிற மின்சார ஓவன்), 1500 வாட், விலை 6,890 ரூபாய். உறையூரில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. இதில் நான் செய்தது ஒரே ஒரு பண்டம்தான், பனானா பிரெட், அதாவது வாழைப்பழ ரொட்டி. 19 முறை. பீட்சா எப்படி வரும், பிஸ்கட் எப்படி வரும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கோழி வாட்டுகிற கம்பி ஒன்றும் கூடவே கொடுத்தார்கள். அது பிரிக்காத உறையோடு பரண்மேல் கிடக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை போடுவேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் குறை என் வீட்டுக்கு வந்த பெட்டிக்கு மட்டுமா, அந்த மாடலுக்கேவா என்பதை ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு எப்படித் தீர்மானிப்பது?

இப்படிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் 33 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பையன்கள் ப்யூரெட் (திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாய்) ரீடிங்கைப் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுவதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. எதைச் செய்தாலும் ஒரு துண்டுச் சீட்டில் எண், தேதி, அளவு எழுதி வைப்பேன். ரொட்டிக்கும் எழுதினேன். சீட்டை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படமும் எடுத்தேன். படம் எடுக்கத் தொடங்கியது என்னவோ பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பிப் பெருமை அடித்துக்கொள்ளத்தான். ஆனால் ஓவனின் வண்டவாளத்தைக் காட்டிக்கொடுத்தது அந்தப் படங்கள்தான்.

முதலில் பழம். திருச்சியில் இருந்துகொண்டு வாழைப்பழத்துக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிறது. தொட்டியம், முசிறி, லால்குடிப் பக்கமெல்லாம் வாழைதான். காந்தி மார்க்கெட்டில் சாயங்காலம் போனால் கறுத்துப்போன பூவன் சீப்பைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். "சாமிக்கு வைக்க ஆகாதுங்க" என்று கடைக்காரர் முன்கூட்டியே எச்சரிப்பார். எனக்கு வேண்டியதே அதுதான். தோல் கறுக்கக் கறுக்க உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாகிக்கொண்டே போகும். வாசனையும் ஏறும். அந்த வாசனை எனக்கு ஆய்வகத்திலேயே பழக்கம். ஐசோ அமைல் ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கொஞ்சம் கந்தக அமிலம் விட்டுச் சூடுபண்ணினால் வரும் எஸ்டர் என்ற வாசனைப் பொருள், வாழைப்பழ மண்டிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பையன் "சார், பழம் சாப்பிடுறீங்களா?" என்று கேட்பான்.

செய்முறைகளில் "மூன்று வாழைப்பழம்" என்று போட்டிருப்பார்கள். அங்கேதான் முதல் சறுக்கல். அவர்கள் சொல்வது நம்மூரில் ரோபஸ்டா என்று விற்கும் நீளப் பழம். தோலுரித்தால் ஒன்று 100 கிராமுக்குக் குறையாது. பூவன் 60, 70 கிராம்தான் நிற்கும். மூன்று பூவனைப் போட்டு நான் செய்த முதல் ரொட்டி வெறும் மைதா கட்டி. இப்போது எண்ணுவதில்லை, எடை போடுகிறேன். 300 கிராம் பழம், 200 கிராம் மைதா, 120 கிராம் சர்க்கரை, 90 மில்லி எண்ணெய், இரண்டு முட்டை, முக்கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. செவ்வாய், வெள்ளியில் எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. அன்றைக்கு முட்டைக்குப் பதில் அரை கப் புளித்த தயிர். கொஞ்சம் அடர்த்தியாக வரும், மோசமில்லை. செக்குக் கடலை எண்ணெய் விட்டு ஒரு முறை செய்தேன். வீடு முழுக்க வடை சுட்ட வாசனை. அப்புறம் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிவிட்டேன்.

என் மனைவி இதைப் பனானா பிரெட் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "வாழைப்பழ கேக்" என்பாள். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓவன் முன்னால் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதே பழத்துல கோதுமை மாவும் வெல்லமும் போட்டு அப்பம் சுட்டிருந்தா இந்நேரம் பாத்திரம் கழுவி முடிச்சிருப்பேன்" என்றாள். உண்மைதான். இரண்டும் ஒரே யோசனை, அளிந்த பழத்தைத் தூக்கிப் போடாமல் மாவில் கரைப்பது. இங்கே எண்ணெய்ச் சட்டி, அங்கே ஓவன், அவ்வளவுதான்.

இனி ஓவன் கதை. 1-ஆம் எண் ரொட்டியின் படம் இரவு ஏழரை மணிக்கு டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தது. பச்சை பாய்ந்த ஒரு பழுப்பு, நடுவில் பிளாஷ் பட்டு வெள்ளையாக ஒரு திட்டு. செங்கல்லைத் தட்டில் வைத்த மாதிரி இருந்தது. மகள் பதில் போட்டாள்: "அப்பா, இது என்ன?"

இரண்டாவதிலிருந்து காலை வெளிச்சத்துக்கு மாறினேன். எங்கள் சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. எட்டு மணி வெயில் நேராக விழுந்தால் ஒரு பக்கம் பளீர், மறுபக்கம் இருட்டு. பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. தட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிமிர்த்தி வைத்தால் நிழல் பாதி குறையும். போனை ரொட்டியின் மூக்கருகே கொண்டுபோகாமல் இரண்டடி தள்ளி நின்று 2 எக்ஸ் ஜூமில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கம் யானைத் தலை மாதிரி வீங்கும். போனில் உணவுக்கென்று இருக்கும் மோடை அணைத்துவிட வேண்டும். அது எல்லா ரொட்டியையும் ஒரே பொன்னிறமாக்கிக் காட்டும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால்தான் வெட்டிய துண்டில் சின்னச் சின்னக் கண்கள் தெரியும். பிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும்.

இதெல்லாம் ரொட்டியை அழகாகக் காட்டச் செய்தது. ஆனால் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வேட்டி என்று ஆனதும் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது. இது நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

6-ஆம் எண் படத்தை அனுப்பிய அன்று மகள் கேட்டாள்: "அப்பா, எல்லாத்துலயும் வலது முனை கறுப்பா இருக்கே, கருகுதா?"

"ஜன்னல் இடது பக்கம்மா. அது நிழல்" என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன். ஆனால் மனசு கேட்கவில்லை. 4-ஆம் எண்ணில் சோடா கூடிப்போய் முழு ரொட்டியுமே கறுத்திருந்தது, சோப்பு வாடையும் அடித்தது. அதைக் கணக்கில் விட்டுவிடலாம். மற்ற ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஐந்திலும் வலது முனை இருட்டு.

நிழலா, கருகலா என்று பிரிக்க ஒரு வழிதான். 7-ஆம் எண்ணை வழக்கம்போல் ஒரு படம் எடுத்துவிட்டு, தட்டை அப்படியே அரை வட்டம் திருப்பி இன்னொரு படம். நிழல் என்றால் இருட்டு வலது பக்கமே நிற்க வேண்டும். நிற்கவில்லை. தட்டோடு சேர்ந்து இடது பக்கம், ஜன்னல் பக்கம், நல்ல வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்தது. கருகல்தான். மகளுக்குப் போன் போட்டு ஒத்துக்கொண்டேன்.

அடுத்து, கடை ரொட்டி ஒரு பாக்கெட் வாங்கினேன். வலைத்தட்டில் ஒன்பது துண்டை மூன்று மூன்றாகப் பரப்பி, ஓவன் சூடானதும் உள்ளே வைத்துப் பத்து நிமிடத்தில் எடுத்தேன். எடுத்த வரிசை குலையாமல் மேசையில் அடுக்கிப் படம் எடுத்தேன். முன்வரிசை, கண்ணாடிக் கதவுப் பக்கம், வெளிறிப்போன நிறம். நடுவரிசை பொன்னிறம். பின்வரிசையில் இடதிலிருந்து வலதுக்குக் கறுப்பு ஏறிக்கொண்டே போய், வலது மூலைத் துண்டு அடிப்பக்கம் கரி. ஓவனுக்கு எக்ஸ்ரே எடுத்த மாதிரி இருந்தது. கதவுப் பக்கம் சூடு குறைவது எந்த ஓ.டி.ஜி.யிலும் இயல்பு, கண்ணாடி வழியாகச் சூடு போகும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். வலது மூலைதான் கேள்வி.

பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே இரண்டு ஹீட்டர் கம்பி. பின்னால் இருப்பது இடது முனையில் வலைத்தட்டுக்கு 4 செ.மீ. கீழே இருக்கிறது. வலது முனையில் இரண்டரை. வளைந்து மேலே வந்திருக்கிறது. வண்டியில் வரும்போது அடிபட்டதா, பூட்டும்போதே அப்படியா, தெரியாது. பெட்டி வந்த அன்றைக்கே ஸ்கேல் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். யார் பார்க்கிறார்கள்?

சர்வீஸுக்குச் சொல்லி ஒன்பது நாள் கழித்து ஒரு தம்பி வந்தார். மரியாதையான பையன். கதவைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "சார், ஓவன்னா ஒரு பக்கம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பாதியில திருப்பி வச்சுக்குங்க" என்றார். கம்பியைக் காட்டினேன். "அது சூட்டுல லேசா எழும்பும் சார்" என்றார். ஸ்கேலைக் கையில் கொடுத்தேன். சிரித்தார். காப்பி குடித்துவிட்டு, புகார் தீர்ந்தது என்று போனில் ஓ.டி.பி. வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் அசட்டுத்தனமாகச் சொல்லித் தொலைத்தேன். வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது: வேலை முடியாமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

அவர் சொன்ன வழி வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 35-ஆவது நிமிடம் டின்னைத் திருப்பி வைத்தால் இரண்டு முனையும் ஒரே நிறம். அதற்கு முன்னால் கதவைத் திறக்கக் கூடாது. 20-ஆவது நிமிடத்தில் ஆர்வக்கோளாறில் திறந்தேன், 9-ஆம் எண் நடுவில் குழி விழுந்துவிட்டது. மாவு இறுகுவதற்குள் சூடு குறைந்தால் எழும்பியது உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது குறை, தலைப்பில் சொன்னது. 450 ரூபாய்க்கு ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே தொங்கவிட்டேன். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை 180 டிகிரியில் வைத்தால் தெர்மாமீட்டர் முள் 190-க்கும் 220-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. ஹீட்டர் அணைந்து எரிவதால் ஏற்ற இறக்கம் இருக்கும், அது சகஜம். ஆனால் சராசரியே 205. மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் பார்த்தேன், அதே 205. திருகை 155-க்குக் குறைத்தால் உள்ளே சரியாக 180 சுற்றி நிற்கிறது.

என் மனைவி இதைக் கேட்டதும் "திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள். நான் மாட்டேன் என்றேன். ஆய்வகத்தில் இரண்டு வகைப் பிழை உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரித் தவறுவது ஒன்று. எப்போதும் ஒரே அளவில் தவறுவது இன்னொன்று. முதல் வகைத் தராசைக் குப்பையில்தான் போட வேண்டும். இரண்டாவது வகைக்கு 'கரெக்‌ஷன்' போட்டுக்கொண்டு பத்து வருடம் ஓட்டலாம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு தராசு எப்போதும் இரண்டு மில்லிகிராம் கூட்டியே காட்டும். நான் ஓய்வு பெறும் வரைக்கும் அது இருந்தது. இந்த ஓவனும் அந்த ரகம். 25 டிகிரி பொய், ஆனால் தினமும் அதே 25 டிகிரி பொய். திருகுக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டேன்.

ஆனால் தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மேலே கருகி உள்ளே கொழகொழவென்று இருக்கும். தன் கைராசியைத் திட்டிக்கொண்டு ஓவனை மூடிவைத்துவிடுவார்கள். மூன்றரைக்கு மேல் போடாததற்கு இதுதான் காரணம்.

நல்லதையும் சொல்கிறேன். கதவு இறுக்கமாக மூடுகிறது, ஏழு மாதத்தில் தொய்வில்லை. அடியில் துகள் தட்டு தனியாக உருவி வருகிறது. அது இல்லாவிட்டால் எங்கள் வீட்டு எறும்புகளுக்கு ஓவனே வீடாகியிருக்கும். மின்சாரத்துக்குப் பயந்தேன். சூடேற்றுவதில் தொடங்கி ஒரு ரொட்டிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஓடினாலும், ஹீட்டர் அணைந்து அணைந்து எரிவதால் ஒன்றரை யூனிட்டைத் தாண்டியதில்லை, மீட்டரில் முன்னும் பின்னும் பார்த்தேன். அரசு தரும் இலவச யூனிட்டில் இது பெரிதாகக் கடிக்கவில்லை. ஒயர்தான் குட்டை. 16 ஆம்பியர் பிளக் வேறு. எங்கள் சமையலறையில் அந்தப் பாயிண்ட் கிரைண்டருக்குப் பின்னால் ஒன்றுதான் இருக்கிறது. அதனால் மாவாட்டுகிற நாளில் ரொட்டி கிடையாது, இது வீட்டுச் சட்டம். டைமர் பத்து நிமிடத்துக்குக் குறைவாக வைத்தால் சில சமயம் மணி அடிக்காது. 20 வரை திருகிவிட்டுப் பின்னால் கொண்டுவர வேண்டும். உள்விளக்கு பேருக்கு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ரொட்டி எழும்புவதைக் கதவு வழியாகப் படம் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். என் கண்ணாடியும் வழுக்கையும்தான் விழுந்தன.

கூடக் கொடுக்கும் தட்டுகளை நம்ப வேண்டாம். ரொட்டிக்குப் பெரிய கடை வீதியில் அலுமினிய டின் ஒன்று 180 ரூபாய்க்கு வாங்கினேன். கறுப்பு நான்-ஸ்டிக் டின்னும் இருந்தது. கறுப்பு சூட்டை அதிகம் உறிஞ்சும், ஏற்கெனவே கூடுதலாகச் சுடும் ஓவனில் அது வேண்டாம் என்று வெள்ளையையே எடுத்தேன். கடைக்காரர் "இது பழைய மாடல் சார்" என்றார். இருக்கட்டும்.

திருகு சரியாகி, டின்னைத் திருப்பும் நேரம் பிடிபட்ட பிறகு, 12-இலிருந்து பழம் மாற்றிப் பார்த்தேன். ரஸ்தாளி வாசனை அபாரம், ஆனால் நடுவில் தண்டு மாதிரி ஒரு கட்டி மசியாமல் நிற்கும், பல்லில் நெருடுகிறது. ரோபஸ்டா, படத்தில் எல்லாவற்றையும்விட அழகு. சமமான துளை, சமமான நிறம், சாப்பிட்டால் வெறும் இனிப்பு. கற்பூரவல்லிக்குச் சர்க்கரையை 80 கிராமாகக் குறைக்க வேண்டியிருந்தது. பூவனில் லேசான புளிப்பு இருக்கிறது, சோடாவோடு சேர்ந்து நன்றாகப் பொங்குகிறது, ஆறிய பிறகும் நாக்கில் ஒரு பிடிப்பு. படத்தில் பூவன் ரொட்டி கறுத்த புள்ளிகளோடு அழுக்காகத் தெரியும். எனக்கு அதுதான் வேண்டும். மேலே வட்ட வட்டமாகப் பழம் அரிந்து வைத்து அலங்காரம் செய்வதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். காலையில் எடுக்கலாம் என்று விட்டால் ராத்திரிக்குள் கறுத்துச் சுருங்கி, பல்லி எச்சம் மாதிரி ஆகிவிடுகிறது. மேலே நீளமாக வெடிப்பு விழுந்தால் தோல்வி என்று நினைத்திருந்தேன். மேல்தோல் இறுகிய பின்னும் உள்ளே எழும்பிக்கொண்டிருப்பதால் வருவது அது. இப்போது வெடிப்புப் பக்கத்தைத்தான் ஜன்னலுக்குக் காட்டி வைக்கிறேன்.

17-ஆம் எண், பூவன், முட்டையோடு செய்தது, 155-இல் 58 நிமிடம். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் பல் வைத்த கத்தியால் அறுத்தேன். துண்டு உதிரவில்லை. மனைவி ஒரு துண்டு தின்றுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு இன்னொரு துண்டு குறைந்திருந்தது. மகள் அந்தப் படத்தைத் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள், மூன்று நாளைக்கு.

போன் நிரம்பிவிட்டது என்று நேற்று எச்சரிக்கை வந்தது. 400-க்கும் மேல் ரொட்டிப் படம். "அழிச்சித் தொலைங்க, பேரன் வீடியோ எடுக்க இடமில்ல" என்று மனைவி நிற்கிறாள். அழிக்கத்தான் போகிறேன், சிலவற்றைத் தவிர. 7-ஆம் எண்ணின் இரண்டு படம், ஒன்பது துண்டு ரொட்டிப் படம், ஸ்கேலோடு எடுத்த கம்பிப் படம். இந்த நான்கையும் ஒரே தாளில் கலர் பிரிண்ட் போட்டு, வளைந்த முனையைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன். உத்தரவாதம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. புதன்கிழமை மறுபடி ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.